பழுது இருதயத்தில், பட்டினி கால்களில்!

“காலு ரெண்டும் ஓய்ஞ்சு போகுதுங்க. நாலு எட்டு வெச்சா உட்காரத் தோணுது.”

பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளக் கொல்லையிலும் வெங்காயக் காட்டிலும் உழைத்துத் தேய்ந்த பெரியவரானாலும் சரி, அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக் கல் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவரானாலும் சரி, இப்படித்தான் சொல்லுவார். வீட்டில் உள்ளவர்கள் அதற்குப் பல காரணங்கள் கற்பிப்பார்கள். “வயசாச்சு”, “வாயு”, “முட்டி தேஞ்சு போச்சு” என்பார்கள். மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பி வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். “நீங்க சும்மா படுத்திருங்கப்பா” என்று மகன் கட்டிலைக் காட்டுவான்.

காரணம் வயதாக இருக்கலாம், முட்டியாகவும் இருக்கலாம். ஆனால் காலின் ஓய்ச்சலோடு படி ஏறினால் மூச்சு வாங்குவதும், மாலையில் கணுக்கால் வீங்குவதும், இரவில் தலையணையை உயர்த்தி வைத்தால்தான் தூக்கம் வருவதும் சேர்ந்திருந்தால், குற்றவாளி காலில் இல்லை. நெஞ்சுக்குள் இருக்கிறான் என்று சந்தேகிக்க வேண்டும். அந்த நோய்க்கு இருதயத் தளர்ச்சி என்று பெயர். டாக்டர்கள் ‘ஹார்ட் பெயிலியர்’ என்பார்கள்.

பெயரைக் கேட்டதும் பயந்து விட வேண்டாம். இருதயம் நின்று போய் விட்டது என்று அதற்கு அர்த்தம் அல்ல. அது ஓடிக் கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தை அதனால் இறைத்து அனுப்ப முடியவில்லை. மாரடைப்பு என்பது வேறு. மாரடைப்பு வந்து இருதயத்தின் ஒரு பகுதி செத்துப் போன பிறகு, மிஞ்சிய பகுதி பாரம் தாங்காமல் தளர்ந்து போவது இந்த நோய்க்கு ஒரு முக்கிய காரணம். நெடுநாள் ரத்தக் கொதிப்பு, வால்வுக் கோளாறு, மது ஆகியவையும் இதில் கொண்டு போய் விடும்.

இருதயம் பழுதானால் மூச்சு வாங்குகிறது, சரி. கால் ஏன் ஓய்ந்து போக வேண்டும்? “ரத்தம் குறைந்தது; அதனால் கால் ஓய்ந்தது” என்று சொல்லி விட்டால் விஷயம் முடிந்து விடும் என்றுதான் வைத்திய உலகம் வெகு காலம் நினைத்திருந்தது. அது பாதி உண்மைதான். மறு பாதி, கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு குழாய்களில் ஒளிந்திருந்தது.

கடைமடையின் கதை

ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று இங்கிலாந்தில் வில்லியம் ஹார்வி நிரூபித்தது 1628-ஆம் ஆண்டில். இருதயத்திலிருந்து தமனிகள் வழியே போகிற ரத்தம் சிரைகள் வழியே திரும்பி வருகிறது என்று அவர் காட்டினார். ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு அது எப்படித் தாண்டுகிறது என்பதை அவரால் பார்க்க முடியவில்லை. அவர் 1657-இல் காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1661-இல், இத்தாலிய நாட்டு மார்செல்லோ மால்பீஜி ஒரு தவளையின் நுரையீரலை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். மயிரிழையினும் நுண்ணிய குழாய்கள் வலைப் பின்னலாக ஓடுவதைக் கண்டார். அவைதாம் தந்துகிகள்.

தந்துகி எவ்வளவு சிறியது தெரியுமா? தலைமயிர் ஒன்றின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ரத்தத்திலுள்ள சிவப்பணு அதை விடச் சற்றுப் பெரியது! ஆகவே சிவப்பணுக்கள் ஒன்றன் பின் ஒன்றாக, உடலை வளைத்துக் குறுக்கிக் கொண்டுதான் அதற்குள் நுழைய முடியும். அப்படி நெருக்கியடித்துக் கொண்டு போகும் போதுதான் அவை சுமந்து வந்த பிராணவாயு தசைக்குள் இறங்குகிறது. பெரிய தமனிகள் எல்லாம் வெறும் வழிதான். பண்டமாற்று நடப்பது தந்துகியில்.

இதை நம்மூர் விவசாயிக்கு விளக்க ஒரு நிமிஷம் போதும். புள்ளம்பாடி வாய்க்காலில் தண்ணீர் திறந்து விட்டார்கள் என்று செய்தி வந்து விடும். அதனால் திருமானூர்ப் பக்கத்துக் கடைமடை வயல் நனைந்து விட்டது என்று சொல்ல முடியுமா? தலை மதகில் தண்ணீர் இருக்க வேண்டும். கிளை வாய்க்கால் தூர்ந்து போகாமல் இருக்க வேண்டும். வயலின் மடை திறந்திருக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால்தான் பயிர் தண்ணீர் குடிக்கும். உடம்பிலும் அப்படியே. இருதயம் தலை மதகு, தமனிகள் வாய்க்கால், சிறு தமனிகள் மடை, தசைதான் பயிர்.

மடையைத் திறந்து மூடுவது யார்?

டென்மார்க் தேசத்தில் ஆகஸ்ட் குரோ என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். சும்மா இருக்கும் தசைக்கும் வேலை செய்யும் தசைக்கும் ரத்த ஓட்டத்தில் என்ன வித்தியாசம் என்று அவர் ஆராய்ந்தார். பிராணிகளின் ரத்தக் குழாயில் கறுப்பு மசியைச் செலுத்தி, மசி ஏறிய தந்துகிகளை உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாக எண்ணினார். சும்மா இருந்த தசையில் சிலவே கறுத்திருந்தன. வேலை செய்த தசையில் ஏராளமாகக் கறுத்திருந்தன. தசை கேட்கும் போது குழாய்கள் வழி விடுகின்றன என்பது தெளிவாயிற்று. இதற்காக 1920-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. சும்மா இருக்கும் போதும் பெரும்பாலான தந்துகிகளில் ரத்தம் மெதுவாகவேனும் ஓடிக் கொண்டிருக்கிறது, வேலை வந்தால் வேகம் கூடுகிறது என்று பின்னால் வந்தவர்கள் அவருடைய கருத்தைத் திருத்தியிருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஓய்வாக இருக்கும் போது ஆரோக்கியமான இருதயம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. அதில் ஒரு லிட்டர் அளவுதான் தசைகளுக்குப் போகிறது. மூட்டை தூக்கி ஓடும் வாலிபனுக்கோ இறைப்பு 20 லிட்டர் வரை உயரும். அதில் முக்கால் பங்குக்கு மேல் தசைகளுக்கே போய் விடும். உழைக்கிற மனிதனின் தசை அவ்வளவு தாகம் உடையது!

இப்போது இருதயம் தளர்ந்து விட்டது என்று வைத்துக் கொள்வோம். இறைப்பு குறைகிறது. உடம்புக்கு இதன் காரணம் தெரியாது. எங்கோ காயம் பட்டு ரத்தம் வீணாகிறது என்று அது எண்ணிக் கொள்கிறது. ஆதி காலம் முதல் அதற்குத் தெரிந்த ஒரே உபாயம், மூளைக்கும் இருதயத்துக்கும் போகும் ரத்தத்தைக் காப்பாற்றுவது. அதற்காகக் கை, கால் தசைகளின் மடைகளை நெருக்குகிறது. நரம்புகளின் வழியாகவும், சிறுநீரகத்திலிருந்து எழும் இரசாயனங்களின் மூலமாகவும் இந்த உத்தரவு போகிறது. கோடையில் ஊர்க் குடிநீருக்காக வயல் மடையை அடைக்கிற மாதிரிதான்.

வெட்டுக் காயத்துக்கு இது நல்ல உபாயம். சில மணி நேரத்தில் ஆபத்து தீர்ந்து விடும். இருதயத் தளர்ச்சியிலோ ஆபத்து தீருவதே இல்லை. மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் மடை மூடியே கிடக்கிறது. குழாயின் உட்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற பொருள்தான் குழாயைத் தளர்த்தி விரிப்பது. அதைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக மூன்று அமெரிக்கர்களுக்கு 1998-இல் நோபல் பரிசு வழங்கினார்கள். இருதயத் தளர்ச்சியில் அந்தப் பொருளின் பயனும் குறைந்து விடுகிறது. ஆக, மடையை மூடும் கை ஓங்குகிறது; திறக்கும் கை தளர்கிறது.

எலியின் முதுகில் கண்ட காட்சி

இதைக் கண்ணால் பார்க்க முடியுமா? பார்த்தே விட்டார்கள்! அமெரிக்காவில் கன்சாஸ் ராஜ்யப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் பூல், திமதி மஷ் முதலியோர் 1999-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். எலிகளுக்கு மாரடைப்பை உண்டாக்கி, அதனால் இருதயம் தளர்ந்த பிறகு, அவற்றின் முதுகுத் தசையை உருப்பெருக்கியின் கீழ் வைத்தார்கள். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தசை அது. தந்துகிகளுக்குள் சிவப்பணுக்கள் ஓடுவதைப் படம் பிடித்துக் கணக்கிட்டார்கள்.

ஆரோக்கியமான எலியில் பெரும்பாலான தந்துகிகளில் சிவப்பணுக்கள் இடைவிடாமல் ஓடின. இருதயம் தளர்ந்த எலியில் அப்படி ஓடிய தந்துகிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. பலவற்றில் ஓட்டம் விட்டு விட்டு நடந்தது. சிலவற்றில் நின்றே போயிருந்தது. ஓடியவற்றிலும் வேகம் குறைவு. 2003-இல் அவர்களே இன்னொரு விஷயத்தையும் காட்டினார்கள். தசையை வேலை செய்ய வைத்த போது, ஆரோக்கியமான தசையில் ஓட்டம் உடனே பெருகியது. நோயுற்ற தசையில் அது மெதுவாகத்தான் பெருகியது. வேலை தொடங்கி விட்டது. பிராணவாயு இன்னும் வந்து சேரவில்லை!

பெரியவர் “நாலு எட்டு” வைத்ததுமே கால் ஓய்ந்து போவதன் ரகசியம் இதுதான். பிராணவாயு வந்து சேர்வதற்குள் தசை கைவசம் உள்ள சர்க்கரையை அரைகுறையாக எரித்துக் காலம் தள்ளுகிறது. அமிலம் சேருகிறது. கால் கனக்கிறது. அதோடு நின்றாலும் பரவாயில்லை. தவிக்கும் தசை மூளைக்கு நரம்பு வழியே முறையிடுகிறது. “இன்னும் மூச்சு விடு” என்று மூளை உத்தரவு போடுகிறது. காலின் பட்டினி நெஞ்சில் இரைப்பாக வெளிப்படுகிறது. இந்தத் தொடர்பை 1990-களில் இங்கிலாந்தில் டாக்டர் ஆண்ட்ரூ கோட்ஸ் முதலியோர் எடுத்துக் காட்டினார்கள்.

விசை கூடியும் கால் நடக்கவில்லை

இருதயத்தின் விசையை மட்டும் கூட்டி விட்டால் கால் உடனே பலம் பெற்று விடாதா? அதையும் சோதித்தார்கள். இருதயத்தை முடுக்கும் டோபுடமின் என்ற மருந்தைக் கடுமையான இருதயத் தளர்ச்சி உள்ளவர்களுக்கு நரம்பில் ஏற்றினார்கள். 1983-இல் அமெரிக்க டாக்டர்கள் வெளியிட்ட முடிவு வியப்பாக இருந்தது. இருதயம் அதிக ரத்தத்தை இறைத்தது. ஆனால் நோயாளிகளால் முன்னைவிட அதிகம் உழைக்க முடியவில்லை! மாற்று இருதயம் பொருத்திக் கொண்டவர்கள் விஷயத்திலும் இப்படியே. புது இருதயம் முதல் நாளே வேலை செய்கிறது. கால்களின் பலமோ மாதக் கணக்கில் பயிற்சி செய்த பிறகுதான் மெல்ல மெல்லத் திரும்புகிறது.

நெடுநாள் வறண்ட வயலுக்கு ஒரே நாளில் தண்ணீர் விட்டால் பயிர் எழுந்து விடுமா? தசை மெலிந்திருக்கிறது. தந்துகிகளே எண்ணிக்கையில் குறைந்திருக்கின்றன. தசைக்குள் பிராணவாயுவைக் கொண்டு சக்தி உண்டாக்கும் நுண்ணிய உலைகளும் குறைந்திருக்கின்றன. பழுது இருதயத்தில் தொடங்கியது உண்மை. இப்போது அது காலிலும் குடியேறி விட்டது.

கட்டில் செய்யும் கேடு

முன் காலத்தில் இருதய நோயாளி என்றால் அசையாமல் படுக்க வைப்பதே வைத்தியமாக இருந்தது. மாரடைப்பு வந்தவர்களை வாரக் கணக்கில் படுக்க வைப்பது கூடாது, நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று அமெரிக்காவில் டாக்டர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும் 1952-இல் எழுதிய போது, அதுவே பெரிய துணிச்சலாக இருந்தது. இருதயம் தளர்ந்தவர்களை நடக்கச் சொல்லும் துணிவு அதற்கும் வெகு காலம் கழித்துத்தான் வந்தது.

1988-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக் கழக டாக்டர்கள், இருதயம் மிகவும் பலவீனமான ஒரு சிறு கூட்டத்தாருக்குச் சில மாதங்கள் உடற்பயிற்சி கொடுத்தார்கள். இருதயத்தின் விசையில் பெரிய மாற்றம் இல்லை; ஆனால் உழைக்கும் சக்தி கூடியது, கால்களுக்குப் போன ரத்தமும் கூடியது. 1998-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து டாக்டர்கள் அடுத்த படியைக் காட்டினார்கள். ஆறு மாதப் பயிற்சிக்குப் பின் கால் ரத்தக் குழாயின் உட்சுவர் விரியும் திறனை மீண்டும் பெற்றிருந்தது. குழாயில் ரத்தம் விரைந்து ஓடி உட்சுவரை உரசுவதே நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரக்க வைக்கும் தூண்டுதல் என்பதால் இது நடக்கிறது. சுருங்கச் சொன்னால், நடப்பதே மடையைத் திறக்கும் சாவி!

இது ஆபத்து இல்லையா? அதை அறிய அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் நாடுகளில் 2,331 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய பரீட்சை நடத்தி, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். டாக்டர்களின் மேற்பார்வையில் தொடங்கிய பயிற்சி ஆபத்து அற்றது என்று தெரிந்தது. ஆயுளில் அது காட்டிய லாபம் சிறிதே. அன்றாட வாழ்க்கையின் சுகத்தில் லாபம் தெளிவாக இருந்தது. உடற்பயிற்சி மருந்துக்குப் பதில் அல்ல. மருந்தோடு சேர வேண்டிய மற்றொரு மருந்து.

நம் பக்கத்துக்கு ஏன் அவசரம்?

மேல்நாடுகளில் இருதயத் தளர்ச்சி பெரும்பாலும் எழுபதை ஒட்டியவர்களின் நோய். நம் நாட்டில் அப்படி இல்லை. கேரளத்தில் திருவனந்தபுரம் ஜில்லாவில் 2013-இல் 1,205 நோயாளிகளைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களுடைய சராசரி வயது 61. நூற்றுக்கு 72 பேருக்குக் காரணம் இருதய ரத்தக் குழாய் அடைப்பு. மூன்று ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு 45 பேர் வரை மாண்டு போனார்கள். நாடு முழுவதும் 53 ஆஸ்பத்திரிகளில் 10,850 பேரைச் சேர்த்து எடுத்த கணக்கிலும் சராசரி வயது அறுபதுதான். உடல் உழைப்பை நம்பிய குடும்பத்தில் அறுபது வயது மனிதர் கட்டிலில் விழுவது என்றால், வருமானத்தில் ஒரு தூண் விழுகிறது என்று பொருள். திருவனந்தபுரம் கணக்கில் ஓர் ஆறுதலும் உண்டு. முறையான மருந்துகளை முழுமையாகப் பெற்றவர்கள் மற்றவர்களை விட அதிக காலம் பிழைத்திருந்தார்கள்.

வசதிகள் முன்னைப் போல் தொலைவில் இல்லை. முன்பெல்லாம் பெரிய வைத்தியம் என்றால் இந்தப் பக்கத்தார் திருச்சிக்குப் பஸ் ஏறுவார்கள். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. வீடு தேடி வந்து ரத்தக் கொதிப்பு, நீரிழிவு மாத்திரைகளைக் கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-இல் தொடங்கியது. வேண்டியவர்களுக்கு உடற்பயிற்சி வைத்தியமும் அதில் உண்டு. 2023 நவம்பரில் ஜில்லாவுக்கு ஒன்றாக எட்டுக் கிலோ மீட்டர் நடைபாதைகளையும் சர்க்கார் ஏற்படுத்தியது. ஆனால் அந்த எட்டுக் கிலோ மீட்டர் ஆரோக்கியமானவர்களுக்கு. இருதயம் தளர்ந்தவருக்குத் தொடக்கத்தில் வீட்டு வாசலிலிருந்து தெருக்கோடி வரை போதும்.

எப்படி நடப்பது?

முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். எக்கோ பரிசோதனையில் இருதயத்தின் பலம் தெரிந்து விடும். அவர் சம்மதித்த பிறகு, சம தரையில் ஐந்து நிமிஷம் நடந்தால் போதும். வாரத்துக்கு வாரம் இரண்டொரு நிமிஷம் கூட்டலாம். நடக்கும் போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சு முட்டினால் அது அதிகம். நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து, மெதுவாக உட்காருவதும் தொடைத் தசைக்கு நல்ல பயிற்சி. வெறும் வயிற்றிலும், சாப்பிட்ட கையோடும், உச்சி வெயிலிலும் நடக்கலாகாது. சித்திரை வெயில் இந்தப் பக்கத்தில் எப்படிக் காயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சும்மா இருக்கும் போதே மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும், மயக்கம் வந்தாலும், காய்ச்சல் இருந்தாலும் அன்று நடை கூடாது. தினமும் காலையில் எடை பார்ப்பது நல்லது. மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் அது சதை அல்ல, தேங்கிய நீர்; உடனே டாக்டரிடம் போக வேண்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றின் உப்பு அந்த நீரைக் கட்டி வைக்கும். “வீக்கம் வடிஞ்சிருச்சு” என்று நீர் மாத்திரையைத் தாமாக நிறுத்தி விடுவதும் தவறு.

எல்லாவற்றுக்கும் மேலாக, கால் வலிக்கு என்று கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை! அவற்றில் பல, உடம்பில் உப்பையும் நீரையும் தேங்க வைத்துச் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் மேலும் தளர்த்தக் கூடியவை. காலுக்கு என்று விழுங்கியது நெஞ்சைப் போய்த் தாக்கும். இருதய நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் அவற்றைத் தொடவே கூடாது.

அடுத்த முறை வீட்டுப் பெரியவர் “காலு ஓய்ஞ்சு போகுது” என்றால், கட்டிலைக் காட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். மூச்சு வாங்குகிறதா? கணுக்கால் வீங்குகிறதா? இரவில் தலையைத் தாழ்த்திப் படுக்க முடிகிறதா? பதில் சந்தேகமாக இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். டாக்டர் நடக்கச் சொன்னால், தனியாக அனுப்பாமல் கூடவே பேரப் பிள்ளை ஒருவனை அனுப்புங்கள். பேச்சுத் துணைக்கும் ஆயிற்று. மூச்சின் அளவைத் தெரிந்து கொள்ளவும் ஆயிற்று.